கருப்பர் மரத்துத் தழும்பு

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தம்பி முருகேசனின் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒன்றில் செம்மண் அப்பியிருந்தது. மற்றதில் செம்மண்ணோடு ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தது. உள்ளே, அவனுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதா, காப்பாற்றப் பார்ப்பதா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். டெட்டால் வாசனையும் யாரோ பிரித்த சாம்பார் சாதப் பொட்டல வாசனையும் கலந்து அடித்தன. இன்றைக்கும் எனக்குச் சாம்பார் சாதம் இறங்காது.

மேஸ்திரி சிதம்பரம் பக்கத்தில் வந்து நின்றார். கான்ட்ராக்டரிடம் மரம் வெட்டும் ஆட்களை மேய்க்கிறவர். துண்டால் வாயைத் துடைத்தார். இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. இன்னைக்கு நீ வீட்டுக்குத் தூரமா?”

மாதவிலக்கா என்று எங்கள் பக்கம் அப்படித்தான் கேட்பார்கள். கேட்பது பெண்கள். ஒரு ஆம்பளை, அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில், தம்பி உள்ளே கிடக்கிற நேரத்தில் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

“இல்லண்ணே” என்றேன்.

அந்த ‘இல்லண்ணே’வை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் தம்பி காலுக்கும் என் வயிற்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டிருக்க வேண்டும். கையில் செருப்பும் இருந்தது. இருந்தும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட மாதிரி மரியாதையாகப் பதில் சொன்னேன். பதில் சொன்னதும் அது கேட்கத் தகுந்த கேள்வியாக ஆகிவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். நம்பாதவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. பொழுது சாய்வதற்குள் காட்டில் வேலை செய்த அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. தூரமான பொம்பளை மெஷினில் ஏறினாள், கருப்பர் காலை வாங்கிவிட்டார். இல்லை என்று நான் சொன்னது மட்டும் யார் காதுக்கும் போகவில்லை.

இந்தத் தொடரை வாங்கித் திருத்துகிற பத்திரிகைத் தம்பி, “இந்த வாரம் கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கம்மா” என்று போனில் சொன்னார். குறைத்துப் பார்த்தேன். குறைத்தால் எழுத ஒன்றும் மிஞ்சவில்லை.

குவாரியில் பிடித்த லீவர்

என் வீட்டுக்காரர் கல் குவாரியில் வின்ச் ஓட்டினார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வின்ச் என்றால் ஒரு டீசல் இன்ஜின், அதோடு ஒரு பெரிய இரும்பு உருளை. உருளையில் கட்டைவிரல் பருமனுக்கு இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். லீவரைத் தள்ளினால் கயிறு சுற்றும், கயிற்றின் நுனியில் கட்டியிருப்பது வரும். பள்ளத்துக்குள்ளிருந்து கல்லை அப்படித்தான் மேலே தூக்குவார்கள்.

அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் கை கழுவப் போகிற நேரத்தில் லீவரைத் தொட ஆரம்பித்தேன். பிறகு அவர் சாப்பிடுகிற நேரம் முழுக்க என் கையில். “சோறு கொண்டாறியா, வேலையக் கொண்டுபோறியா?” என்று சிரிப்பார். குவாரியை மூடியபோது பழைய வின்ச்சை வாங்கி டிராக்டர் டிரெய்லரில் பொருத்தினார். அப்புறம் எங்கள் கீரமங்கலம் பக்கத்து ஆம்பளைகள் பாதிப் பேர் போகிற மாதிரி அவரும் சிங்கப்பூர் போய்விட்டார். வின்ச் வீட்டு வாசலில் நின்றது. நானும் நின்றேன். எத்தனை நாளைக்கு இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்பது?

“நான் ஓட்டுறேன்” என்று போனில் சொன்னேன்.

“ஓட்டு. முருகேசன கூட வச்சுக்க” என்றார். அவ்வளவுதான். வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு நிறைய உண்டு, இதில் ஒன்றும் கிடையாது.

பள்ளத்தில் கிடந்த மரம்

புதுக்கோட்டைச் சீமையில் காடு ஏது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தைலமரக் காடு என்று ஒன்று இருக்கிறது, வந்து பார்த்தால் தெரியும். மண்ணில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்கும். வெட்டிப் பேப்பர் மில்லுக்கு அனுப்புவார்கள். சமதளத்தில் நிற்பதை வெட்டினால் பக்கத்திலேயே லாரி வந்துவிடும். யாருக்கும் கஷ்டமில்லை.

குடுமியான்மலையைத் தாண்டி மேற்கே போனால் மொட்டைப் பாறைக் குன்றுகள் வரும். அவற்றின் முதுகுப் பக்கத்தில் மழை அறுத்து அறுத்து ஆழமான ஓடைப் பள்ளங்கள். அந்தச் சரிவுகளிலும் ஒரு காலத்தில் தைலமரம் நட்டு வைத்திருந்தார்கள். நட்டவர்களுக்கு வெட்டி எப்படி வெளியே எடுப்பது என்ற யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. லாரி இறங்காது. டிராக்டர் இறங்கினால் ஏறாது. தலையில் தூக்கலாம் என்றால் பாறை வழுக்கும். ஏலம் எடுக்கிறவர்கள் எல்லாரும் மேட்டில் உள்ளதை வெட்டிக்கொண்டு பள்ளத்தை விட்டுவிட்டுப் போனார்கள். மரம் முற்றிப் பெருத்துப்போய் நின்றது.

அந்த வருஷம் ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் எங்கள் வின்ச்சைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார்.

இரும்புக் கயிறு போட்டு மரம் இழுப்பதைப் புரிந்துகொள்ளக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாளிக்குப் பதில் மரத்தடி. கைக்குப் பதில் வின்ச். நடுவில் கப்பி. கப்பி உயரத்தில் தொங்கினால்தான் தடியின் மூக்கு தூக்கிக்கொண்டு, பாறையில் முட்டாமல் மேலே வரும். கிணற்றில் கப்பியைத் தாங்கத் தூண் இருக்கிறது. காட்டில் யார் தூண் நட்டு வைத்திருக்கிறார்கள்? ஒரு மரத்தைத்தான் பிடித்துக் கட்ட வேண்டும். தடியின் கனமும் வின்ச்சின் இழுப்பும் அந்த ஒரு மரத்தின் மேல்தான் விழும். அந்த மரம் சரியாக இருந்தால் எல்லாம் சரி.

இன்னொன்று. கப்பியில் கயிறு மடங்கித் திரும்பும் இல்லையா, அந்த மடிப்புக்கு உள்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கப்பி பிய்த்துக்கொண்டால் கயிறு விறைத்து நேராகும். உள்ளே நிற்கிறவனை அடித்துக்கொண்டுதான் நேராகும். குவாரியில் என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன முதல் பாடம் அது. லீவர் எது என்று காட்டியதே அதற்கு அப்புறம்தான்.

வெள்ளைப் பூ

அந்தச் சரிவின் தலைமாட்டில் ஒரு பாலை மரம் நின்றது. இரண்டு பேர் கை கோத்தாலும் எட்டாத அடி. பாறை இடுக்குகளில் வேரை விட்டு, பாறையையே பிடித்துக்கொண்டு நின்ற மரம். கப்பி கட்டவென்றே யாரோ வளர்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதில் கட்டினால் கயிற்றின் மடிப்பு ஆள் போகாத மொட்டைப் பாறைப் பக்கம் விழும். முருகேசன் எதிர் மேட்டில் பத்திரமாக நின்று எனக்குச் சைகை கொடுக்கலாம். சிவப்புத் துண்டை உயர்த்தினால் இழு, தாழ்த்தினால் நிறுத்து.

மரத்தடியில் கருப்பர் இருந்தார். பெரிய கோயில் எல்லாம் இல்லை. ஒரு கல், மூக்கு உடைந்த மண் குதிரை, துருப்பிடித்த அரிவாள். ஆடு மேய்க்க வருகிற பிள்ளைகள் அந்த நிழலில்தான் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்.

“சாமி மரத்துல ரோப்பு போடுறதா? வெளங்குமா?” என்றார் மேஸ்திரி.

“அண்ணே, வேற மரம் தாங்காது.”

“சாமி மரத்துல இரும்பு படக் கூடாது தங்கச்சி.”

நான் மரத்தைக் காட்டினேன். நேர்த்திக்கடனுக்கு மணி கட்டியிருந்தார்கள். மணியை மாட்ட ஆணி அடித்திருந்தார்கள். ஒருவர் சங்கிலியையே சுற்றிப் பூட்டுப் போட்டிருந்தார். அடித்த ஆணியில் சில பட்டைக்குள் பாதி முழுகிப்போயிருந்தன.

“இதெல்லாம் என்ன, பஞ்சா?”

“அது வேண்டுதல். இது தொழிலு.”

சரி, கருப்பரையே கேட்டுவிடலாம் என்றேன். பூக்கட்டிக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, சாமி முன்னால் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் பக்கம் பெண் பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரைக்கும் இதைக் கேட்டுத்தான் நடக்கும். மேஸ்திரியால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் ஊரிலிருந்து வரும்போது நானே மல்லிகையும் செவ்வரளியும் கொண்டுவந்தேன். பூவுக்கு எங்கள் கீரமங்கலத்தில் என்ன பஞ்சம்? வயசான பூசாரி வந்து வாழை இலையில் மடித்துக் கட்டினார். சூடம் ஏற்றினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்.

பூசாரி பிரித்தார். மல்லிகை.

எனக்கு உடம்பே குளிர்ந்துவிட்டது. முருகேசன் கையைக் கூப்பிவிட்டு, “உத்தரவு ஆயிருச்சுக்கா, நான் போயி கப்பிய எடுத்தாறேன்” என்று கிளம்பினான்.

“இருப்பா” என்றார் மேஸ்திரி. “பொட்டப்புள்ள எடுத்தா எப்புடிச் செல்லும்?”

பூசாரியைப் பார்த்தேன். அவர் சூடத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டியவர் அவர், கூப்பிட்டவர் அவர், பிரித்தவரும் அவர். வாயைத் திறக்கவில்லை.

“அப்ப ஒரு பயல விட்டு எடுக்கச் சொல்லுங்க” என்றேன்.

“சாமிகிட்ட ரெண்டு வாட்டி கேக்குறது குத்தம்” என்றார் மேஸ்திரி.

எப்படி இருக்கிறது பாருங்கள். பெண்பிள்ளை எடுத்தது செல்லாது. மறுபடி கேட்டால் குற்றம். அப்படியானால் எதற்கய்யா கேட்டோம்? கருப்பர் சரி என்று சொல்லிவிட்டார், மேஸ்திரி சரி என்று சொல்லவில்லை. அந்தக் காட்டில் யார் சாமி என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தைலமரத் தூர்

அவர்கள் பிடித்த மரம் ஒரு தைலமரம். முன்னால் வெட்டியெடுத்த பழைய தூரிலிருந்து மறுபடி தழைத்துப் பெருத்தது. பார்க்க நெட்டையாக, தடியாகத்தான் இருந்தது. நான் குனிந்து தூரைக் காலால் உதைத்தேன். கரையான் மண் உதிர்ந்தது. மேல் மண்ணோ ஐப்பசி மழையில் ஊறிப்போய்க் கஞ்சியாக இருந்தது.

“அண்ணே, இது ஊறிப்போன தூரு. அப்புறம், இதுல கட்டுனா மடிப்பு ஒத்தையடிப் பாதைப் பக்கம் விழும். முருகேசன் அங்கதான நிக்கணும்? வேற எங்க நின்னாலும் எனக்கு அவன் தெரிய மாட்டான்.”

“ஒதுங்கி நின்னுக்குவான்” என்றார். “ஒனக்குப் பயமா இருந்தா சொல்லு. வேற ஆம்பளைய ஏத்திவிடுறேன்.”

தெரிந்துதானே இழுத்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் இறங்கியிருந்தால் லாரி ஓட்டுகிற ஒருவனை ஏற்றியிருப்பார்கள். லீவரை எவ்வளவு தள்ளுவது, எப்போது விடுவது என்று அறியாதவன் மேலே, என் தம்பி கீழே. வேலையை விட்டுவிட்டு வாடா என்று முருகேசனிடம் சொல்லியும் பார்த்தேன். “புடிச்ச வேலைய விட்டுட்டுப் போனா நாளைக்கு எவன் கூப்புடுவான்?” என்றான். ஆகவே ஏறி உட்கார்ந்தேன்.

முதல் நாள் சின்னத் தடிகளாக இழுத்தேன். தாங்கியது. மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார். ராத்திரி மழை கொட்டியது. காலையில், மழை விடட்டும், மண் இறுகட்டும் என்றேன். லாரிகள் வந்து நிற்கின்றன என்று கான்ட்ராக்டரிடமிருந்து போன்.

பெரிய தடி ஒன்று பாதிச் சரிவில் பாறையில் மாட்டியது. முருகேசன் துண்டைத் தாழ்த்தினான். நிறுத்தினேன். இரண்டு ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிவிட்டு விலகினார்கள். அவன் துண்டை உயர்த்தினான். மெதுவாகத் தள்ளினேன். கயிறு முறுக்கேறி ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்தது. அப்புறம் ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி இன்னொரு சத்தம். தூர் மண்ணோடு பெயர்ந்து வந்துவிட்டது. கப்பியும் சங்கிலியும் பாதைப் பக்கம் பறந்தன.

நான் லீவரை விட்டேன். சிவப்புத் துண்டு மேலே இல்லை. தரையில் கிடந்தது.

அவனைக் கதவுப் பலகையில் படுக்க வைத்து லாரிக்குத் தூக்கிவந்தார்கள். வழியெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான். “அக்கா, செருப்பு எங்க?” செருப்பு கிடைத்தால் கால் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையில் அந்தச் செருப்புகள்.

காலை எடுத்துவிட்டார்கள்.

தம்பி சொன்னது

ஊரெல்லாம் பேசினார்கள். அது எனக்குப் பெரிதில்லை. ஊர்வாய் என்னைப் பற்றி என்றைக்குச் சும்மா இருந்தது? டிரெய்லரில் ஏறி உட்கார்ந்த அன்றிலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கருப்பருக்கு ஒரு கிடாய் வெட்டி, நான் ஈரச் சேலையோடு விழுந்து மன்னிப்புக் கேட்டால் தோஷம் கழியும் என்று பூசாரி வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மல்லிகைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்த அதே பூசாரி. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் முருகேசன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், நான் காயத்துக் கட்டுத் துணியை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீ அன்னைக்கு ஏறாம இருந்திருக்கலாம்க்கா.”

“என்னடா சொல்ற?”

“இல்ல… எல்லாரும் சொல்றாக. ஒனக்கு அன்னைக்கு…”

முடிக்கவில்லை. நானும் முடிக்க விடவில்லை. தூரை உதைத்துக் கரையானைக் காட்டியபோது என் பக்கத்தில் நின்றவன் அவன். வெள்ளைப் பூவுக்குக் கை கூப்பியவன் அவன். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன கால் போனதுதான். ஆனால் காலை எடுத்தது அக்காதான் என்று அவன் மனசில் ஒரு மூலையில் கிடந்தால், நான் அவன் முகத்தில் எப்படி முழிப்பது? பஞ்சையும் மருந்தையும் அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் வின்ச்சின் டயரை ஓங்கி உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அந்த வலியில் கூட அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கயிறு போட்டேன்

பள்ளத்தில் மரம் கிடந்தது. கான்ட்ராக்டர் ஜேசிபி கொண்டுவந்தார். அது இறங்கிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே இழுக்க வின்ச் வேண்டும். வின்ச் என்னிடம் இருந்தது. தூரமான பொம்பளையைத் தேடி அவரே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பழச மனசுல வச்சுக்காதீங்கம்மா. முடிச்சுக் குடுத்துருங்க.”

“வாரேன். பாலை மரத்துலதான் கப்பி.”

“ஆளுக கட்ட மாட்டானுங்களே.”

“நான் கட்டுறேன். துண்டு புடிக்க நீங்க நில்லுங்க.”

அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் ஜேசிபி சேற்றில் கிடந்தது.

மேஸ்திரியும் ஆட்களும் தூரத்தில் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சாமி என்னை அடிப்பதைப் பார்க்கத்தான். நான் ஏணியைச் சாத்தினேன். மரத்தைச் சுற்றிச் சாக்கை மடித்துப் போட்டேன். அதன் மேல் பனஞ்சட்டங்களை வரிசையாக வைத்துக் கட்டினேன், கப்பியைக் கட்டுகிற இரும்புக் கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க. கட்டும்போது கருப்பரிடம் சத்தமாகவே சொன்னேன்.

“கருப்பா, நீ உத்தரவு அன்னைக்கே குடுத்துட்ட. காதுல வாங்காதவனுக்கெல்லாம் நான் பொறுப்பு இல்ல.”

கான்ட்ராக்டர் வெள்ளை வேட்டியோடு எதிர் மேட்டில் நின்று சிவப்புத் துண்டை உயர்த்தினார். இழுத்தேன். பாலை மரம் ஒரு இலையைக்கூட உதிர்க்கவில்லை. முதலில் ஜேசிபி. அப்புறம் முருகேசன் அடிபட்ட அன்று பாறையில் மாட்டிய அதே தடி. அப்புறம் பள்ளத்தில் கிடந்த அத்தனையும்.

கடைசி நாளில் ஒரு பக்கத்துச் சட்டம் நழுவிவிட்டது. நான் பார்ப்பதற்குள் கயிறு பட்டையில் பதிந்து, அரைச்சுற்றுக்கு ஒரு கோடு விழுந்தது. பால் வடிந்தது. மாட்டுச் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசிவிட்டு வந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் ஒத்துக்கொண்டதா? எங்கே. கான்ட்ராக்டர் எனக்குத் தெரியாமல் கிடாய் வெட்டிவிட்டாராம். அதனால்தான் கருப்பர் பொறுத்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து முருகேசனிடம், “பாலை மரத்துலதான் போட்டேன். எல்லாம் வந்துருச்சு” என்றேன். “ம்” என்றான். அவ்வளவுதான். பிறகு எத்தனையோ பேசினோம், செயற்கைக் கால் வாங்கப் போனோம், அவனுக்குப் பெண் பார்த்தோம், கல்யாணம் முடித்தோம். அந்த ஒரு பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அரைஞாண்

இந்த வருஷம் முருகேசனின் மகளுக்கு அந்தக் கருப்பர் கோயிலில்தான் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். அவன் மனைவி வீட்டாரின் வேண்டுதல். நான் அந்தப் பக்கம் போய் வருஷங்கள் ஆகியிருந்தன.

தார் ரோடு வந்திருக்கிறது. தகரக் கொட்டகை, டைல்ஸ், ஒலிபெருக்கி. மரத்தைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. ஆடு மேய்க்கும் பிள்ளைகள் படுத்திருந்த இடத்தில் ‘பெண்களுக்கு அனுமதி இல்லை’ என்று பலகை.

பழைய பூசாரி போய்விட்டார். அவருடைய மகன் கூட்டத்துக்கு மரத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். பட்டையில் அரைச்சுற்றுக்கு ஓடுகிற தழும்பு. அதன் மேல் சந்தனம், குங்குமம், பூச்சரம்.

“இது கருப்பரு தானாக் கட்டிக்கிட்ட அரைஞாண். மனுசக் கை படல. இடுப்பு வலிக்காரவுக இங்க கயிறு கட்டுனா மூணு வாரத்துல கேட்கும்.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பலகையைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. நான் போட்ட கயிறு. நான் பூசிய சாணி. அதைத்தான் நான் வேலிக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும்.

வேலியில் கதவு திறந்திருந்தது. உள்ளே போய், மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த டைல்ஸ் மேடையில் ஏறி, கையை உயர்த்தித் தழும்பில் கட்டைவிரலை வைத்தேன். மரம் வளர்ந்து விளிம்பு உப்பியிருந்தது, ஆனால் பள்ளம் அதே பருமன். விரல் சரியாகப் பொருந்தியது.

ஒலிபெருக்கி சட்டென்று நின்றது.

“யம்மா, யம்மா, அங்கிட்டு வாங்க. பொம்பளைக தொடக் கூடாது. தீட்டாயிரும்” என்று பூசாரி ஓடிவந்தான்.

பந்தலில் முதல் வரிசையில் மேஸ்திரி சிதம்பரம் உட்கார்ந்திருந்தார். கிழடாகிவிட்டார். முருகேசன் மனைவி வீட்டாருக்கு ஏதோ வழியில் உறவாம். கையில் பாயாசக் குவளை.

“என்னண்ணே, இன்னைக்கு எனக்குத் தூரமான்னு கேக்கலையா?” என்றேன். எனக்கு அது நின்று பல வருஷம் ஆகிறது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகக் கேட்டேன்.

அவர் குவளைக்குள் பார்த்தார்.

“மொதல்ல கைய எடுங்கம்மா” என்றான் பூசாரி.

நான் எடுக்கவில்லை. அப்போது பின்னால் முருகேசனின் நடை கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் டக்கென்று. எத்தனை பேர் நடந்தாலும் அந்த நடை எனக்குத் தனியாகக் கேட்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து வேலி ஓரம் நின்றான்.

“அவுக எடுக்க மாட்டாக, பூசாரி” என்றான். “அந்தக் கயித்தப் போட்டதே எங்கக்காதான்.”

“என்னங்க சொல்றீங்க?”

“மொதல்லயே இந்த மரத்துல போட விட்டிருந்தா எனக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும். ஒங்க அப்பாருக்கும் தெரியும். அந்தா ஒக்காந்திருக்காரே, அவருக்கும் தெரியும்.”

பிள்ளை அவன் தோளில் நெளிந்தது.

இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நல்லது, சொன்னான். அதற்காக என் கோபம் போய்விட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. அரைஞாண் கதையும் இன்னும் நடக்கிறது, போன வாரம்கூட யாரோ இடுப்பு வலிக்குக் கயிறு கட்டினார்களாம்.

விரலில் ஒட்டிய சந்தனத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

“புள்ளையக் குடுடா” என்று கையை நீட்டினேன். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டேதான் வாங்கினேன்.